ஒரே டிஸ்க், ரெண்டு கம்ப்யூட்டர்

எங்க புனே காலனியில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வீட்டிலேயே நாஸ் பெட்டி வாங்கி வச்சிருக்காங்க. ஊரில் எடுத்த ஃபோட்டோ, அம்மா பாடின கேசட்டிலிருந்து ஏத்தினது எல்லாம் அதில்தான். வாங்கின கையோடு என்கிட்ட ஒரே கேள்வி: "சார், செட்டிங்ஸில் ஐஸ்கஸின்னு இருக்கே, அதைப் போட்டா வேகமா?" (நான் பி.காம்.தான். பேங்க்கில் கம்ப்யூட்டர் பிரிவில் ஆறு வருஷம் குப்பை கொட்டியதன் பலன் இது!)

ஸ்கஸி என்பது கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கோடு பேசும் பாஷை. "இத்தனாவது பிளாக்கைக் கொடு, இதில் இதை எழுது", அவ்வளவுதான் பேச்சு. அதை டி.சி.பி./ஐ.பி. உறையில் போட்டு சாதாரண ஈதர்நெட் கேபிளில் அனுப்பினால் ஐஸ்கஸி. 2004-ல் ஆர்.எஃப்.சி. 3720 என்று ஸ்டாண்டர்டு ஆச்சு. ஃபைபர் சேனல் என்றால் தனி கார்டு, தனி ஸ்விட்ச், விலையைக் கேட்டா மயக்கம் வரும். இதில் அந்தச் செலவில்லை. இணைச்சதும் பெட்டியில் இருக்கும் டிஸ்க் உங்க மெஷினுக்குள்ளேயே இருக்கிற மாதிரி தெரியும்.

வம்பே அந்த 'மாதிரி'யில்தான். அதே டிஸ்க்கைப் பொண்ணு கம்ப்யூட்டரிலும் மாட்டினால், ரெண்டு மெஷினும் "இது என் சொந்த டிஸ்க்" என்று நினைக்கும். லெட்ஜர் பக்கத்தை ரெண்டு கிளார்க் ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்து, தனித்தனியா பாலன்ஸ் எழுதி, சாயங்காலம் ஒண்ணு மேல் ஒண்ணு ஒட்டினால் கணக்கு என்ன ஆகும்? எந்த ஃபைல் எங்கே என்கிற குறிப்பே குழம்பிடும். உடனே எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம். ஒருநாள் ஃபோல்டர் இருக்கும், படம் திறக்காது. தெரிஞ்ச ஒருத்தர் வீட்டில் மாமனாரோட கடைசி தீபாவளிப் படங்கள் இப்படித்தான் போச்சு. வேற காப்பி இல்லை.

பெரிய ஆபீஸ்களில் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் நடுவில் நின்று பஞ்சாயத்து பண்ணும். வீட்டு விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு அது தெரியாது.

அதனால் குடும்பப் படங்களுக்கு சாதா எஸ்.எம்.பி. ஷேர் போதும். அதில் பெட்டியே கணக்குப்பிள்ளை, யார் எழுதினாலும் அதன் கை வழியாத்தான். ஐஸ்கஸி வேணும்னா ஒரு லன்னுக்கு ஒரே மெஷின், சாப் பாஸ்வேர்டு கட்டாயம், வைஃபை கூடாது. 'பல செஷன் அனுமதி' டிக் இருந்தால் தொடாதீங்க. காப்பி தனியா ஒண்ணு வெளியே இருக்கட்டும்.

வேகமா? ஒரு கிகாபிட் கேபிளில் பெரிய ஃபைல் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் போகும், எந்த வழியில் அனுப்பினாலும்.