ஒரு மூட்டைக்கு ஒரு எண்

பக்கத்து வீட்டுத் தம்பி போன மாதம் கால் காணி நிலம் வாங்கினார். பத்திரம் பதிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். கைபேசியைக் கொண்டுவந்து பட்டாவைக் காட்டினார். அவர் பெயருக்கே மாறியிருந்தது. "தாலுகா ஆபீஸ் பக்கமே போகலை சார்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் 1978-ல் இருக்கிறது. அப்போது இந்த மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர்.

நம் ஊரில் நிலத்துக்கு இரண்டு வீடு. யார் யாருக்கு விற்றார் என்பது பதிவுத்துறையில் இருக்கும். யார் பெயரில் தீர்வை என்பது வருவாய்த்துறையில், அதாவது பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேட்டில் இருக்கும். பத்திரம் பதிந்தால் மட்டும் பட்டா மாறிவிடாது. பதிவு அலுவலகத்திலிருந்து பட்டா மாறுதல் படிவம் தாலுகாவுக்கு வரவேண்டும். நாங்கள் கர்ணத்திடம் அறிக்கை கேட்டு, உத்தரவு போட்டு, கணக்கில் திருத்தவேண்டும்.

அந்தப் படிவங்கள் ஒவ்வொன்றாக வருவதில்லை, கட்டாக வரும். மேலே ஒரு முகப்புக் கடிதம், கீழே நாற்பது ஐம்பது படிவம். தபாலில் பதியும்போது முகப்புக் கடிதத்துக்கு ஒரு ந.க. எண் கொடுப்போம். அந்த எண்தான் தன்பதிவேட்டில் ஏறும். உள்ளே இருக்கும் ஐம்பது குடும்பங்களுக்கு எண் கிடையாது. எண் இல்லாததை எந்த அதிகாரியும் கேட்கமாட்டார், எந்த நினைவூட்டும் வராது.

அந்த வருடம் அலுவலக ஆய்வு வந்தது. என் தன்பதிவேட்டில் நிலுவை அதிகம். இரவெல்லாம் உட்கார்ந்து நிலுவையைக் குறைத்தேன். ஒரு கட்டின் முகப்புக் கடிதத்தை "ஓராண்டு முடிவு" என்று எழுதி முடித்து, கட்டோடு பதிவறைக்கு அனுப்பிவிட்டேன். உள்ளே இருந்த படிவங்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆய்வில் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

நாலு வருடம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். ஒன்றரை ஏக்கர் புன்செய் வாங்கியவர். விற்றவர் இறந்துபோக, அவருடைய மகன்கள், "பட்டா எங்க அப்பா பேர்லதானே இருக்கு" என்று நிலத்தில் ஏர் பூட்டிவிட்டார்கள். வழக்கு கோர்ட்டில் நடந்தது. செலவுக்கு உழவுமாட்டை விற்றிருந்தார். "பத்திரம் பதிஞ்ச அன்னைக்கே பாரத்துல கைநாட்டு வச்சேன் அய்யா" என்றார்.

பதிவறைக்குப் போய்த் தேடினேன். ஓராண்டுக் கட்டுகளை அழிக்கும் வேலை நல்லவேளையாகத் தாமதமாகியிருந்தது. தூசிக்குள் அந்தக் கட்டு கிடைத்தது. முகப்பில் என் கையெழுத்து. இருபதாவதோ முப்பதாவதோ தாளில் அவர் கைநாட்டு.

என் படிப்பு காரைக்காலில், பிரெஞ்சில். சிறுவயதில் அப்பாவின் பிறப்புப் பதிவைப் பார்த்திருக்கிறேன். அதன் ஓரத்தில் அவர் கல்யாணத் தேதி எழுதியிருக்கும். திருமணத்தைப் பதியும் இடத்திலிருந்து பிறப்புப் பதிவேடு உள்ள எத்தா சிவிலுக்குத் தகவல் போய், அங்கே ஓரக்குறிப்பு ஏறியாக வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஆனால் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு பக்கம் இருந்தது. பதிவறையில் உட்கார்ந்து எனக்கு அந்த ஓரக்குறிப்புதான் நினைவுக்கு வந்தது. நம்மிடம் இருந்தது மூட்டைக்கு ஒரு எண்.

இன்றைக்குப் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருளும் (2018-ல் வந்தது) வருவாய்த்துறையின் தமிழ்நிலமும் ஒன்றோடொன்று பேசுகின்றன. விற்பவர் பெயரில் பட்டா இருந்து, உட்பிரிவு தேவைப்படாவிட்டால், பட்டா தானாகவே மாறுகிறது. உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்கவேண்டும். அது நியாயம்தான். சங்கிலி பிடிக்க மென்பொருளுக்குக் கை கிடையாது.

ஆனால் ஒன்று. பத்திரத்தை ஸ்கேன் செய்து வைப்பது வேறு, இணைப்பது வேறு. ஸ்கேன் வெறும் படம். சர்வே எண்ணும் பெயரும் தனித்தனியே ஏறினால்தான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். தப்பாக ஏறினால் தப்பும் அதே வேகத்தில் போய்ச் சேரும். 1979-ல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் விழுந்த பெயர்ப் பிழைகள் பல இன்றும் கம்ப்யூட்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. எனவே பத்திரம் பதிந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் பட்டாவை எடுத்து, பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பரப்பு நாலையும் ஒருமுறை சரிபாருங்கள். திருத்த மனுவை உடனே கொடுப்பது சுலபம், பிள்ளைகள் காலத்தில் கொடுப்பது கஷ்டம்.

அந்தப் பெரியவருக்குப் பட்டா மாறுதல் உத்தரவை நானே எழுதி, நானே தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினேன். வழக்கிலும் அது உதவியது. ஒரு நாள் பலாப்பழம் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். "உங்களை மாதிரி ஒருத்தர் இருந்ததாலதான் அய்யா" என்றார்.

கட்டை மூடியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அதைத்தான் இன்று எழுதுகிறேன்.