கேம்பிரிட்ஜும் மைனரும்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் போனேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு மொறிஸ் மைனர். இரண்டும் ஐம்பதுகளின் இங்கிலாந்துக் கார்கள், இரண்டும் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்தவை.

கேம்பிரிட்ஜின் கியர்த்தடி ஸ்ரியறிங்கோடு இருக்கிறது. அதனால் முன்சீற்றில் சாரதியோடு மூன்று பேர் நெருக்கமில்லாமல் இருந்தோம். கண்டி வீதி இப்போது காப்பெற் றோட். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எல்லாம் கதையோடு கதையாகப் போய்விட்டன. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் சாரதி பொனற்றைத் திறந்து வைத்திருக்கிறார்.

"பெற்றோல் அப்ப மருந்து மாதிரி, தம்பி. சொட்டுக் கணக்குத்தான்."

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தைச் சொல்கிறார். கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அவசரப்பட்டு மாற்றினால் வெள்ளைப் புகைதான். எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும் என்பதால் ஒயிலை அடிக்கடி மாற்றவும் வேண்டும். புதிய கார்கள் இதற்கு உடன்படா. இந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால் தாங்கின.

இவரது கேம்பிரிட்ஜில் இருப்பது 1489 சி.சி. எஞ்சின். இதே எஞ்சினுக்கு இரட்டைக் கார்பரேற்றர் பூட்டித்தான் 1955இல் எம்.ஜி.ஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. மைனரின் 948 சி.சி. எஞ்சின் 1958இல் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற்றுக்குப் போனது. அந்த இரண்டில் எது திறம் என்று வெளிநாட்டுப் பிரியர்கள் வேகத்தை வைத்து வாதாடுவார்கள். வன்னியில் கேள்வியே வேறு: எது கெதியாய்ச் சூடேறும், எதில் எத்தனை சாக்கு ஏறும்?

பரந்தனில் ஏறிய மைனர் சின்னக் கார். முழங்கால் இடித்தது. ஆனால் 1948இல் அலெக் இசிகோனிஸ் அதற்குக் கொடுத்த ஸ்ரியறிங் இருக்கிறதே, விசுவமடுவில் குறுக்கே வந்த மாட்டுக்கு ஒரு விரலசைவில் விலகியது. கேம்பிரிட்ஜென்றால் கையைச் சுழற்றியிருக்க வேண்டும். உடையார்கட்டைத் தாண்டியபின் சாரதி பேச்சைக் குறைத்தார். 2009இல் சனங்கள் விட்டுப்போன வாகனங்கள் இந்த வீதியோரங்களில் ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்தன. இந்த மைனர் அப்போது வவுனியாவில் உறவினர் வீட்டில் நின்றதால் தப்பியது.

வட்டுவாகல் பாலத்தில் எதிரே வந்த வாகனத்துக்காக நின்றபோது என் தீர்ப்பைச் சொன்னேன்: ஓட்டுவதற்கு மைனர், குடும்பத்தோடு இடம்பெயர வேண்டி வந்தால் கேம்பிரிட்ஜ். கூடவே, 1952இல் இரண்டு கம்பனியும் ஒன்றானபின் மைனருக்குள் வைத்தது ஒஸ்ரின்காரரின் எஞ்சின்தான் என்றும் சொல்லி வைத்தேன்.

அவர் கியரைத் தட்டினார். "உதைக் கேம்பிரிட்ஜ்காரரோ சொல்லிவிட்டவர்?"