பிராட்வேயில் ஒரு பல்லவி

நியூயார்க்கின் பிராட்வே என்றால் நாடக அரங்குகள்தான் நினைவுக்கு வரும். அதே சாலையில் வடக்கே போனால், 116வது தெருவருகே எதிரெதிராகக் கொலம்பியா பல்கலைக்கழகமும் பர்னார்ட் பெண்கள் கல்லூரியும். 122வது தெருவில் யூத இறையியல் கல்லூரி. இம்மூன்றின் மாணவர்கள் சேர்ந்து 1987இல் தொடங்கிய பாட்டுக் குழு ‘பிஸ்மோன்’. எபிரேயத்தில் பல்லவி என்று பொருள்.

வாத்தியம் கிடையாது, தாளமும் வாயால்தான். ஊர் ஊராக யூத சமூகத்தினரிடையே பாடும் குழுவுக்கு இது வசதி. சனிக்கிழமை ஓய்வுநாளில் ஆசாரமானவர்கள் வாத்தியத்தைத் தொடமாட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில். ஆண்கள் கேட்கப் பெண் பாடக் கூடாது என்பது வைதீக யூதர்களின் கட்டுப்பாடு. இருபாலரும் சேர்ந்து பாடும் குழுவுக்கு அவர்களது ஜெப ஆலயங்களில் மேடை கிடைப்பது கடினம்.

இத்தனைக்கும் கொச்சி யூதப் பெண்கள் ஆண்கள் முன்னிலையிலேயே மலையாளத்தில் பாடியவர்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது பாட்டு நோட்டுகளையும் எடுத்துப் போனார்கள்.