வில்லின் நடுவே ஓடும் கறுப்புக் கோடு



தம்பி செய்துகொண்டிருக்கும் வில்லின் படத்தைப் போன கிழமை இங்கே போட்டேன். அதிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான்: "சேர், நடுவால போற அந்தக் கறுப்புக் கோடு பெயின்டா, மரமா?" மரம்தான். எந்த மரம், ஏன் அந்த மரம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ரீகேர்வ் வில். நுனிகள் இரண்டும் எறிபவருக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். நடுவில் கை பிடிக்கும் தடித்த பகுதிக்கு றைசர் என்று பெயர். மேலும் கீழும் வளைகிற பகுதிகள் லிம்ப். மெல்லிய மரத் தகடுகளையும் பைபர் கிளாஸையும் ஒட்டித்தான் லிம்ப் செய்வார்கள். மரத்தின் அழகு தெரிவது றைசரில்.

றைசரை ஒரே கட்டையிலும் செய்யலாம். ஆனால் கையால் வில் செய்பவர்கள் பலர் கட்டையை நீளவாட்டில் அறுத்து, இடையில் வேறு நிற மரப் பட்டி ஒன்றை வைத்து ஒட்டி, காய்ந்த பிறகுதான் செதுக்குகிறார்கள். இது வெறும் சோடனை இல்லை. அம்பு போகும் இடத்தில் றைசரின் பாதி அகலம் வெட்டப்படுகிறது. மெலிந்த இடம் அதுதான். ஒரே கட்டையில் நார் ஓட்டம் அந்த இடத்தில் சரிந்திருந்தால் அந்த வழியே வெடிக்கும். நீளத்துக்கு ஒட்டிய பட்டி அதற்கு ஒரு தடை. ஒட்டு சரியில்லை என்றால் கதை மறுபக்கம். இழுத்த வில் முகத்துக்குப் பக்கத்தில் உடையும்.

எங்கட மருதமுனைச் சாரனைப் பாருங்கள். கரை அகலமானால் உடல் எது, கரை எது என்று தெரியாது. வில்லிலும் அப்படித்தான். ஒரு பட்டி போதும், மூன்று மில்லிமீற்றர் போதும்.

மரம் தெரியும்போது நாங்கள் மூன்று விஷயம் பார்த்தோம்.

முதலாவது, வெளிச்சமும் இருளும். மஹோகனி சிவப்பு, தேக்கு மண்ணிறம், இரண்டும் வேறு நிறம்தானே என்று தோன்றும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், ஒன்றாகிவிடும். கல்வியியற் கல்லூரியில் சித்திரப் பாடத்தில் படித்தது இங்கே உதவியது. துண்டுகளைச் சீவி, தண்ணீர் தொட்டுத் தடவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தோம். அந்தப் படத்தில் பிரிந்து தெரிகிற சோடிதான் உண்மையான சோடி. தண்ணீர் தடவுவது எதற்கென்றால், வார்னிஷ் அடித்த பிறகு வரும் நிறத்தை அது கிட்டத்தட்டக் காட்டிவிடும்.

இரண்டாவது, காலம். உங்கள் வீட்டுப் பலாக் கதவு புதிதில் எப்படி மஞ்சளாக இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? மஹோகனிக்கு நடுவில் இன்றைக்குப் பலாப் பட்டி வைத்தால் பளிச்சென்று இருக்கும். வருடங்கள் போனால் இரண்டும் ஒரே மண்ணிறம். வெளிநாட்டுக்காரர் விரும்பும் ஊதா நிறப் பேர்ப்பிள் ஹார்ட்டும் இப்படித்தான், வெயில் பட்டுப் பட்டு மண்ணிறமாகிவிடும். பாதித் துண்டைக் கடதாசியால் மூடி, இரண்டு கிழமை யன்னலில் வைத்துப் பாருங்கள். மரம் தன் குணத்தைக் காட்டும்.

மூன்றாவது, ஈரம். கச்சான் காற்றில் மரம் சுருங்கும், மாரியில் ஊதும். ஒன்று காய்ந்தும் மற்றது பச்சையாகவும் இருந்தால் ஒட்டிய இடம் வாய் திறக்கும். அதனால் தம்பி மரக்காலைக்குப் போகவில்லை. உடைத்த வீடு ஒன்றின் முதிரை நிலையை வாங்கினான். வெளிர் மஞ்சள், நல்ல பாரம், பல வருடம் காய்ந்தது. ஒன்று கவனம்: முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும். முகமூடி போடாமல் அரக்கவேண்டாம்.

முதிரைக்கு எதிராக நிற்கக்கூடிய கறுப்பு எது? பழைய கூரைப் பனஞ்சிலாகை ஒன்று இருந்தது. வைரம் பாய்ந்த பனை நல்ல கறுப்புத்தான், ஆனால் நார் நாராகப் பிரியும். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போனபோது உம்மம்மாவின் வளவில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியது. மூன்றாம் நாள் வாப்பா சேற்றுக்குள் இருந்து தோண்டி எடுத்து வந்தது அவவின் சீதனக் கட்டிலின் ஒரு தூண். கருங்காலி. அது தண்ணீரில் மிதக்காத மரம், அதனால்தான் வளவை விட்டுப் போகவில்லை போல. அந்த வீட்டில் இருந்து எங்களுக்குக் கிடைத்த ஒரே பொருள் அது. உம்மம்மா மௌத்தாகும்வரை அவவின் தலைமாட்டில் நின்றது. பிறகு உம்மாவின் அலுமாரிக்குப் பக்கத்தில்.

தம்பி கேட்டான். உம்மா பதில் சொல்லவில்லை. வாப்பா ஓடாவி, மரத்தின் பெறுமதி தெரிந்தவர். அவரும் "உன்ட உம்மாட சாமான், அவவத்தான் கேக்கணும்" என்று விலகிக்கொண்டார். எனக்கும் மனம் இரண்டாகத்தான் இருந்தது. நினைவுப் பொருளை வாளால் அறுப்பதா? அறுக்காமல் வைத்தால் எங்களுக்குப் பிறகு அது என்ன என்று யாருக்குத் தெரியும்?

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ உம்மாவே தூணைத் தூக்கி வந்து விறாந்தையில் வைத்தா. "கீழ் சதுரப் பக்கத்தில எடு. கடைசல் பிடிச்ச இடத்தில வாள் வைக்காத."

வாப்பாதான் அறுத்தார். மெல்லிய வாள், ஏனென்றால் தடித்த வாள் பட்டியளவு மரத்தைத் தூளாகத் தின்றுவிடும். கருங்காலி இறுக்கமான மரம், பசை உள்ளே ஊறாது. ஒட்டும் முகத்தைக் கரடான அரத்தாளால் கீறி, அசிட்டோனால் துடைத்து, எபொக்சி பூசினார்கள். கிளாம்பை முறுக்கி இறுக்கவில்லை. இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து, ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. வெட்டு மிச்சத்தில் இரண்டு சின்னத் துண்டுகள் லிம்ப் நுனிகளில், நாண் மாட்டும் இடத்தில் ஏறின. தூண் இப்போதும் நிற்கிறது, ஒரு பக்கம் கொஞ்சம் மெலிந்து.

ஒரு வேண்டுகோள். இதைப் பார்த்துவிட்டுக் கருங்காலி தேடிப் போகவேண்டாம். எங்கள் நாட்டில் கருங்காலி வெட்டுவது தடை. யாராவது புது மரம் மலிவாகத் தருகிறேன் என்றால் அது களவு மரம்தான். ஆனால் பழைய வீடு உடைக்கும்போது நிலை, யன்னல் சட்டம், கட்டில் தூண் எல்லாம் விறகு விலைக்குப் போகிறது. கொடுக்க முன் ஓர் ஓரத்தைச் சீவித் தண்ணீர் தொட்டுப் பாருங்கள். என்ன மரம் என்று தெரியாவிட்டால் படம் அனுப்புங்கள், வாப்பாவிடம் காட்டிச் சொல்கிறேன். யாருடைய கட்டில், எந்த வீட்டு நிலை என்பதையும் பென்சிலால் அதன் பின்பக்கம் எழுதி வையுங்கள். மரத்தின் பெயரை ஓடாவி சொல்வார். ஆளின் பெயரை நீங்கள்தான் சொல்லவேண்டும்.