நம்ம பானை, நம்ம நானோ!

2023-ல் பொற்பனைக்கோட்டையில் தோண்டி, கறுப்பு-சிவப்புப் பானை ஓடு கிடைத்ததுமே எங்கள் புதுக்கோட்டை ஆபீஸில் ஒருத்தர் ஆரம்பித்துவிட்டார்: ‘‘நானோ டெக்னாலஜியே நம்மளுதுதான் சார்!’’

பாதி நிஜம். பக்கத்து சிவகங்கை மாவட்டக் கீழடியில் கிடைத்த பானை ஓட்டின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய் இருப்பதை 2020-ல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிசான சமாசாரம். வயசு சுமார் 2,600!

அதுக்காக, குயவருக்கு நானோ தெரியும் என்பது டூ மச். அவருக்குத் தெரிந்தது தீ. எதைப் பூசி, எவ்வளவு சூட்டில் சுட்டால் பூச்சு உரியாது என்கிற கைப்பழக்கம். என் நான்-ஸ்டிக் தோசைக்கல் ஆறே மாசத்தில் உரிந்துவிட்டது!

‘‘சார், உங்க தெருவுக்குச் சட்டி விக்க வர்றவரை என்னிக்காவது ‘வாங்க, உக்காருங்க’ன்னிருக்கீங்களா?’’ என்றேன்.

மனுஷர் அவசரமாக ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.