பானகப் பந்தலில் நான் மாட்டச் சொன்ன போர்டு

தைப்பூசம் நெருங்கிடுச்சு. எங்க ஒட்டன்சத்திரத்துத் தம்பிகள் ரெண்டு நாளா போன் பண்றாங்க. "டாக்டரண்ணே, இந்த வருஷம் எத்தனை அண்டா போடலாம்?"

விஷயம் தெரியாதவங்களுக்காக: காரைக்குடி, நத்தம், திண்டுக்கல் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிறவங்க எங்க ஊர் வழியாத்தான் போவாங்க. இங்கிருந்து பழனி இன்னும் சுமார் 30 கிலோமீட்டர். தை மாசம்தானேன்னு நினைக்காதீங்க. ராத்திரி பனி, பகல் பதினொரு மணிக்கு மேல தார் ரோடு காலைச் சுடும். அதனால ரோட்டோரம் பந்தல். பந்தலில் பானகம்.

வெள்ளைக்காரங்க விருந்தில் பெரிய ஜாடியில் 'பஞ்ச்'னு ஒண்ணு கலக்கி வைப்பாங்க. அஞ்சு பொருள் சேர்வதால நம்ம நாட்டு 'பாஞ்ச்' என்ற சொல்லே அந்தப் பேராச்சுன்னு பலரும் சொல்வாங்க. நம்ம பானகமும் அஞ்சுதான்: தண்ணீர், வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய். சாராயம் மட்டும் கிடையாது.

எங்க கணக்கைச் சொல்றேன். 50 லிட்டர் அண்டாவுக்கு வெல்லம் 5 கிலோ. நெய்க்காரப்பட்டி மண்டை வெல்லம் கிடைச்சா விசேஷம். தட்டிக் கரைச்சு, கண்டிப்பா துணியில் வடிகட்டணும். அடியில் தங்குற மண்ணைப் பார்த்தா அடுத்த தடவை வடிகட்டாம குடிக்க மாட்டீங்க. எலுமிச்சை நூறு பழம். சுக்கு 100 கிராம், ஏலக்காய் 50 கிராம், ரெண்டையும் இடிச்சுப் போடணும். அப்புறம் உப்பு 50 கிராம். "பானகத்துல யாராவது உப்பு போடுவாங்களாடா?"ன்னு எங்கம்மா இன்னிக்கும் திட்டுவாங்க. வேர்வையில் உப்பும்தானே போகுது, நான் விடுறதில்லை. லிட்டருக்கு ஒரு கிராம்தான், நாக்குக்குத் தெரியாது.

தண்ணி கொதிக்க வச்சு ஆறவச்சது. புளிப்பு இருக்கே, கிருமி செத்துடும்னு நம்பாதீங்க, எல்லாம் சாகாது. மீன் பெட்டிக்குப் போடுற பார் ஐஸை உடைச்சுப் போடவே கூடாது, அது குடிக்கிறதுக்குன்னு செஞ்சது இல்லை. அண்டாவைச் சுத்தி ஈரச்சாக்கு கட்டினாப் போதும். நீளக் கரண்டியில்தான் மொள்ளணும், டம்ளரோட கையை உள்ளே விடக்கூடாது.

இதுவரைக்கும் பெருமை. இனி என் தப்பு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, பெரிய டாக்டர்ங்கிற நினைப்பில் தம்பிகள்கிட்ட ஒரு போர்டு எழுதி மாட்டச் சொன்னேன். சிவப்பு பெயிண்ட்டில், கொட்டை எழுத்தில்: "சர்க்கரை நோயாளிகள் பானகம் குடிக்கக் கூடாது." கிளினிக்கில் தினமும் இனிப்பு வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

அன்னைக்குப் பகல் நான் பந்தலில் கால் கொப்புளங்களுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். அறுபது வயசை நெருங்கின ஒருத்தர், பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, மனைவியோட வந்தார். போர்டைப் படிச்சார். தம்பி நீட்டின டம்ளரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டு, வெறும் தண்ணி குடிச்சு ஓரமா உட்கார்ந்தார். இதை நான் பார்த்தேன். மனசுக்குள்ள பாராட்டவும் செஞ்சேன்!

கால் மணி நேரம் இருக்கும். "தம்பி, இவுகளுக்கு என்னமோ பண்ணுது"ன்னு அந்தம்மா குரல். போய்ப் பார்த்தா சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, கை நடுங்குது, கேட்ட கேள்விக்கு சம்பந்தமில்லாம பதில். குளுக்கோமீட்டர்ல 46.

70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அவர் விடியக்காலை மூணு மணிக்கு நடக்க ஆரம்பிச்சிருக்கார். விரதம், சாப்பாடு இல்லை. மாத்திரையை மட்டும் தவறாம போட்டிருக்கார், கிளிமெபிரைடு. வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு அந்த மாத்திரைக்குத் தெரியாது, இன்சுலினைச் சுரக்கவச்சுக்கிட்டே இருக்கும். நடக்குற தசைகள் வேற ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல அவருக்கு மருந்து அஞ்சடி தூரத்துல அண்டா நிறைய இருந்துச்சு. நடுவுல நின்னது என் போர்டு.

நல்லவேளை, விழுங்க முடிஞ்சது. ஒரு டம்ளர் பானகம் கொடுத்தேன். 15 நிமிஷத்துல 64. இன்னொரு டம்ளர். அடுத்த 15 நிமிஷத்துல 88. "என்னங்க ஆச்சு எனக்கு?"ன்னு தெளிவா கேட்டார். அந்தம்மா அழுதுட்டாங்க. நான் போர்டைப் பார்க்காம இருக்கத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தாழ்சர்க்கரைக்கு நாங்க சொல்றது 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். எங்க பானகத்துல 150 மில்லி டம்ளருக்கு வெல்லம் 15 கிராம். கிட்டத்தட்ட அதே அளவுதான்!

சில விஷயங்கள் கவனமா கேட்டுக்கோங்க. மயங்கிக் கிடக்கிறவங்க வாயில் எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்கவச்சு 108-ஐக் கூப்பிடுங்க. உங்க மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ்னு இருந்தா, வெல்லமும் சீனியும் சீக்கிரம் ஏறாது, குடலில் அதை உடைக்கிற வேலையைத்தான் அந்த மருந்து தடுக்குது. அவங்க குளுக்கோஸ் பவுடரே பையில வச்சிருக்கணும். சர்க்கரை ஏறினதும் ரெண்டு இட்லியாவது சாப்பிடணும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போட்டவங்களுக்கு சில மணி நேரம் கழிச்சு மறுபடி இறங்கலாம், அதனால கண்காணிப்பில் இருக்கணும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நடைக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட போய் அளவைக் கேளுங்க.

வயித்துப்போக்கு ஆகுறவங்களுக்கு பானகம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தோட ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். பானகத்துல வெல்லம் 100 கிராம். அது போக்கை அதிகப்படுத்தும். பந்தலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தனியா வச்சிருப்போம்.

அவர் கதையா? "முருகன்கிட்ட சொல்லிட்டேன், நடந்தே தீருவேன்"னு ஒரே பிடிவாதம். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அந்தம்மா, "உசிரு இருந்தாத்தான் அடுத்த தையி"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க, அடங்கிட்டார். ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்து, மறுநாள் ஆயக்குடி வரைக்கும் பஸ்ஸில் போய், மீதியை மட்டும் நடந்தாராம்.

சாதாரணமா இருக்கிற சர்க்கரை நோயாளிக்கு இப்பவும் நான் மோர்தான் தருவேன், அதில் மாற்றமில்லை. ஆனா போர்டு மாறிடுச்சு. "சர்க்கரை நோயா? மோர் குடிங்க. கை நடுங்குதா, குப்புன்னு வேர்க்குதா, கண்ணு இருட்டுதா? யோசிக்காம பானகம் குடிங்க, உடனே எங்களைக் கூப்பிடுங்க."

இந்த வருஷம் மூணு அண்டான்னு தம்பிகள்கிட்ட சொல்லிட்டேன். அந்தப் பக்கம் நடந்து வந்தீங்கன்னா உட்கார்ந்துட்டுப் போங்க. குளுக்கோமீட்டர் டம்ளருக்குப் பக்கத்துலயே இருக்கும்.