மையும் மனச்சாட்சியும்

சிக்கனம் ஒரு புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பின்னரும், எஞ்சிய துணுக்குகளைச் சேர்த்து வைக்குமாறு நம் ஆண்டவர் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஆயினும் சிக்கனத்திற்கும் ஒரு சோதனை உண்டு என்பதை ஓர் அச்சுப்பொறி நமக்குக் கற்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கு இல்லத்திற்குச் சிறியதோர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினோம். விலை மலிவு. ஆனால் அதன் இரு மைக்கூடுகளின் விலையோ பொறியின் விலையையே நெருங்கியது. விளக்கை மலிவாகக் கொடுத்து, எண்ணெயில் இலாபம் காணும் வணிக முறை அது! ஞாயிறு பாடல் தாள்கள், திருமண ஓலைகள், ஞானஸ்நானச் சான்றிதழ்கள் என வேலை குவியவே, உண்டியல் பணம் மையாய்க் கரைந்தது.

பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வழி காட்டினார். கார்ட்ரிட்ஜின் மேல் ஒட்டியுள்ள தாளை உரித்தால் சிறு துளைகள் தெரியும். உள்ளே பஞ்சு இருக்கும். சிரிஞ்சு கொண்டு அதில் மெல்ல மையைச் செலுத்த வேண்டும். வழியுமளவு செலுத்தலாகாது, பஞ்சு உலர்ந்து போகும் வரை காத்திருத்தலும் ஆகாது. ஒரு புதிய கூட்டின் விலைக்கும் குறைவாகவே ஒரு புட்டி மை கிடைத்தது. அதுவோ பன்முறை நிரப்பப் போதுமாயிருந்தது. பங்குப் பேரவையில் நாம் பெருமையோடு கணக்குக் காட்டினோம்.

ஓர் ஐப்பசித் திங்களன்று, கொத்தனார் வேலை செய்யும் நம் பங்கு மகன் ஒருவர் வாசலில் வந்து நின்றார். மகளின் திருமணத்திற்காக நாம் அளித்த ஞானஸ்நானச் சான்றிதழை, மணமகனின் பங்கில் சேர்க்கச் சனிக்கிழமை மாலை எடுத்துச் சென்றவர் அவர். வழியில் மழை. பெயரும் தேதியும் நீலக் கறையாகிவிட்டன. படிக்க இயலாத தாளை அங்குள்ள குருவானவர் ஏற்கவில்லை. அந்த ஞாயிறு ஓலையும் வாசிக்கப்படவில்லை. திருவருகைக் காலமோ நெருங்கிக் கொண்டிருந்தது.

"தப்பு என்னோடதுதான் சாமி. நனைய விட்டுட்டேன்" என்றார் அவர்.

நாம் ஒரு கணம் மௌனமாயிருந்தோம். அந்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகிறது. தவறு அவருடையதன்று. புட்டியில் நாம் வாங்கியது மலிவான சாய மை. சாயம் நீரில் கரைவது. தாள் நனைந்தால் எழுத்து பரவும். நிறமித் துகள் கலந்த மையோ தாளின் மேல் படிந்து உலர்ந்து, ஈரத்தைப் பெரிதும் தாங்கும். பொறியோடு வந்த கறுப்பு மை அத்தகையது. அந்த வேறுபாட்டை நாம் விசாரிக்கவே இல்லை. நாம் மிச்சப்படுத்திய பணத்தை, அந்த ஏழை தம் இரண்டு நாள் கூலியாலும் பேருந்துக் கட்டணத்தாலும் செலுத்தியிருந்தார்!

"தப்பு உங்களுடையதல்ல, நம்முடையது" என்று இறுதியில் சொன்னோம். பதிவேட்டைத் திறந்து, அழியா மையால் நம் கையாலேயே புதிய சான்றிதழை எழுதிக் கொடுத்தோம். ஓர் ஓலைக்கு விலக்குப் பெற்று, குறித்த நாளிலேயே திருமணம் இனிதே நடந்தேறியது.

மை நிரப்புவதை நாம் கைவிட்டோமா? இல்லை. மக்கள் தாமே பொறிகளில் மைத்தொட்டி பொருத்தி வந்ததைக் கண்ட எப்சன் நிறுவனம், 2010-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் தொட்டியுடன் கூடிய பிரிண்டரை வெளியிட்டது. இன்று பல நிறுவனங்கள் அத்தகையவற்றை விற்கின்றன. பொறியின் விலை கூடுதல். மையின் செலவோ மிகக் குறைவு. நம் இல்லத்திலும் இப்போது அதுவே உள்ளது.

வீட்டில் பொறி வைத்திருப்போருக்குச் சில சொற்கள்: உங்கள் பொறிக்கு ஏற்ற மையையே கேட்டு வாங்குங்கள், இருவகை மைகளைக் கலவாதீர்கள். வாரம் ஒரு முறையேனும் ஒரு பக்கம் அச்சிடுங்கள்; இல்லையேல் துளைகள் அடைபடும். அடிக்கடி சுத்தம் செய்தாலும் மை வீணாகும். பிள்ளைகளின் பயிற்சித் தாள்களுக்கு மலிவான மை போதும். பிறர் வாழ்வு சார்ந்த தாளுக்கு நிலைத்த மையே வேண்டும்.

சிக்கனம் செய்யுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: மிச்சமாவது நம் செலவா, அல்லது அது பிறர் தலையில் ஏறுகிறதா? இதற்கு நேர்மையாய் விடை சொல்லும் இல்லத்தில், சிக்கனமும் ஓர் அன்புச் செயலாகும்.